காகிதம் கைக்கு வரும்வரை மாமி விமானம் ஏற வேண்டாம்

தென் லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் தன் கணவரின் தாயைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மாமிக்கு வயது 78. ஜமைக்காவின் செயின்ட் எலிசபெத் பகுதியில் பிறந்தவர். அவருடைய தாய் 1958இல் வேலைக்காக இங்கிலாந்து வந்துவிட்டார். பாட்டியிடம் வளர்ந்த மாமி 1963இல், 15 வயதில், தாயிடம் வந்து சேர்ந்தார். 18 வயதில் நர்சிங் பயிற்சி. 1969இல் தன் ஊர்க்காரர் ஒருவரையே மணந்து நான்கு பிள்ளைகள். இரவு டியூட்டி முடிந்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்குவது என்று ஏறக்குறைய 20 வருடம் ஓட்டியிருக்கிறார். 1974இல் வாங்கிய வீட்டின் முன்பணம் 'பார்ட்னர்' கட்டிச் சேர்ந்தது. அது நம் சீட்டுதான். வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கடன் தரத் தயங்கிய காலத்தில் ஜமைக்கா மக்களுக்குக் கைகொடுத்த ஏற்பாடு. ஞாயிறு முழுவதும் பெந்தகொஸ்தே சபை, புதன் மாலை ஜெபக்கூட்டம், வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை. வருடத்துக்கு இரண்டு முறை நீலப் பீப்பாயில் அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக் காலணி என்று அடைத்து ஊருக்குக் கப்பலில் அனுப்புவார்.

60 வயதில் ஆஸ்பத்திரி வேலை முடிந்தபின் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். 2015இல் நிர்வாகம் மாறியது. பாஸ்போர்ட் கேட்டார்கள். அவரிடம் இருந்தது 1991இல் காலாவதியான ஜமைக்கா பாஸ்போர்ட் மட்டுமே. வேலை போயிற்று. ஊர் திரும்பி வாழ்ந்த அவருடைய தாய் 2011இல் இறந்தபோதும், போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயத்தில் போகவில்லை. கணவர் 2013இல் காலமானார். இப்போது ஊரில் அக்கா படுத்த படுக்கை. போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மூத்த மகன் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேறச் சொல்கிறார். மாமியின் தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் மாமியின் அண்ணன் மகன் வேலி போட்டிருக்கிறார். மாமிக்கோ வீட்டைச் சபைக்கு எழுதிவைக்க ஆசை. "40 வருடம் வரி கட்டினார், தேர்தலில் வாக்களித்தார், மாமாவிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது, அப்படியானால் இவரும் பிரிட்டிஷ்தானே? புது ஜமைக்கா பாஸ்போர்ட் எடுத்துப் போய்வந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: புது ஜமைக்கா பாஸ்போர்ட்டை மட்டும் நம்பி மாமியை விமானம் ஏற்றாதீர்கள். ஜமைக்கா குடிமக்களுக்கு 2003 ஜனவரி முதல் பிரிட்டன் வர விசா வேண்டும். திரும்பும் நாளில் கிங்ஸ்டன் விமான நிலையத்தில் கவுண்டரில் இருப்பவருக்கு 1963ஆம் வருடக் கதை தெரியாது. வெறும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், விசா எங்கே என்பார், ஏற்ற மாட்டார். 1973க்கு முன் கரீபியனிலிருந்து சட்டப்படி வந்தவர்களையே காகிதம் இல்லை என்று அரசு அலைக்கழித்த விண்ட்ரஷ் விவகாரத்தில், விடுமுறைக்குப் போய் அங்கேயே சிக்கிக்கொண்ட பலருக்கு நடந்தது இதுதான்.

உரிமை இருக்கிறது, சான்று இல்லை

வரி கட்டுவதால் யாரும் குடிமகனாவதில்லை. வாக்களித்ததும் சான்றாகாது: இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் எவரும் வாக்களிக்கலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு நம்மவர்கள் வாக்களிப்பதும் அப்படித்தான். மாமாவின் பாஸ்போர்ட்டும் மாமிக்குத் தானாக ஒட்டாது. அவர் 80களில் தனியே விண்ணப்பித்துப் பதிந்துகொண்டிருப்பார்.

ஆனால் நீங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் பயந்து எழுதியிருக்கிற 'சட்டவிரோதம்' என்ற சொல்லையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மாமி பிறந்தபோது பிரிட்டிஷ் பிரஜை. 1962 ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா சுதந்திரம் பெற்றதும் ஜமைக்கா குடிமகளானார். 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தபோது, இங்கே நிலையாகக் குடியிருந்த காமன்வெல்த் நாட்டவர் எல்லோருக்கும் காலவரையற்ற வதிவிட உரிமை, அதாவது நாம் சொல்லும் ஐ.எல்.ஆர்., சட்டத்தாலேயே கிடைத்தது. யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் யாருக்கும் காகிதமும் தரப்படவில்லை. அரசு தராத காகிதத்தைப் பிற்காலத்தில் அரசே கேட்டது. அந்தக் கால வருகை அட்டைகளையும் 2010இல் ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை, அழித்துவிட்டது. இதில் மாமியின் தவறு எள்ளளவும் இல்லை. 1985இல் தாயைக் கவனிக்க எட்டு மாதம் ஊரில் இருந்ததால் உரிமை போயிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் சிக்கல். எட்டு மாதம் ஒன்றும் செய்யாது.

வழி, 2018 மே மாதம் தொடங்கிய விண்ட்ரஷ் திட்டம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. மொழித் தேர்வோ 'லைஃப் இன் தி யூகே' என்ற பொது அறிவுத் தேர்வோ இல்லை. ஐ.எல்.ஆருக்கு அத்தாட்சி மட்டும் கேட்கலாம், அல்லது நேரே குடியுரிமை கேட்கலாம். மாமிக்குக் குடியுரிமைதான் சரி, ஏனென்றால் ஊரில் எத்தனை வருடம் தங்கினாலும் அது போகாது. ஜமைக்கா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. பிறந்த மண்ணின் குடியுரிமையை இழக்க நேருமோ என்ற பயம் வேண்டாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் பிறகு தனிக் கட்டணம் உண்டு.

என்னென்ன தேட வேண்டும்

முன்பெல்லாம் வருடத்துக்கு நான்கு ஆவணம் கேட்டு அலைக்கழித்தார்கள். இந்தத் திட்டத்தில் அப்படியில்லை. 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் வரித்துறையிடமும் ஓய்வூதியத் துறையிடமும் அவர்களே கேட்டுச் சரிபார்ப்பார்கள். இருந்தாலும் அவர்களுடைய தேடலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பழைய நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்பீடு) பதிவுகளில் கன்னிப்பெயருக்கும் மணப்பெயருக்கும் இடையில் தொடர்பு அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது. 1969க்கு முந்தைய பெயரை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதி, திருமணச் சான்றிதழை முதல் ஆவணமாக வையுங்கள்.

முக்கியமான காலம் 1963 முதல் 1973 வரை. நர்சிங் பயிற்சி முடித்தபோது கொடுத்த பேட்ஜை மாமி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெயரும் தேதியும் பொறித்திருந்தால் பின்பக்கத்தையும் படமெடுத்து இணையுங்கள். (ஜமைக்காவிலிருந்து வந்த பெண்களில் பலரை மூன்று வருடப் பதிவு நர்ஸ் படிப்புக்குப் பதிலாக இரண்டு வருட என்ரோல்டு நர்ஸ் படிப்புக்கே தள்ளினார்கள். அந்தத் தகுதி ஜமைக்காவில் செல்லாது என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.) மூத்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் அன்றைய முகவரி இருக்கும். குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் பழைய பழுப்பு உறை மருத்துவக் குறிப்புகளின் நகல் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வாக்காளர் பட்டியல் குடியுரிமைக்குச் சான்றல்ல என்றேன். ஆனால் அந்த வருடம் அந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு அருமையான சான்று. பழைய பட்டியல்கள் உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

சபையை மறந்துவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவேடு, பிள்ளைகளை அர்ப்பணித்த நாள், ஞாயிறு பள்ளி ஆசிரியர் பட்டியல் எல்லாம் கையால் எழுதிய, தேதியிட்ட ஆவணங்கள். போதகர் இன்று எழுதித்தரும் நற்சான்றுக் கடிதத்தைவிட 1967ஆம் வருடப் பதிவேட்டின் ஒரு பக்க நகலுக்கு மதிப்பு அதிகம். பீப்பாய் அனுப்பிய ரசீதுகளும் அப்படியே: அனுப்புநர் பெயர், லண்டன் முகவரி, தேதி மூன்றும் ஒரே தாளில் இருக்கும். 1991இல் காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடவே கூடாது. 1985இல் ஹீத்ரோவில் திரும்ப நுழைந்தபோது போட்ட முத்திரையில் காலவரையறை எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு பக்கம் பாதி வேலையை முடித்துவிடும்.

மாமி ஹோம் ஆபீஸை நம்பவில்லை என்கிறீர்கள். நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. விண்ட்ரஷ் பிரிவுக்குக் கொடுக்கும் தகவலை அமலாக்கப் பிரிவுக்குத் தரமாட்டோம் என்று ஹோம் ஆபீஸ் சொல்லியிருப்பதை அவருக்குக் காட்டுங்கள். 2025இல் நியமிக்கப்பட்ட விண்ட்ரஷ் ஆணையர் கிளைவ் ஃபாஸ்டர் ஒரு போதகர். இதைச் சொன்னால் மாமி உங்கள் பேச்சைவிடக் கூடுதலாகக் காது கொடுக்கலாம். அக்காவின் உடல்நிலையை மருத்துவர் கடிதத்தோடு விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதே நாளில் உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பி, விரைவுபடுத்தக் கேளுங்கள். முடிவு வரும்முன் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

நஷ்டஈடு

2015இல் போன வேலைக்கும், 2011இல் போக முடியாத சாவீட்டுக்கும் தனியே விண்ட்ரஷ் நஷ்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. வாழ்க்கை பாதிக்கப்பட்டதற்கான தொகை மட்டும் 10,000 பவுண்டில் தொடங்கி 100,000 வரை, மிகக் கடுமையானவற்றில் அதற்கு மேலும் போகும். சம்பள இழப்பு அதற்கு வெளியே. வேலைநீக்கக் கடிதம் இருந்தால் நல்லது. மாமியுடைய தாயின் இறுதிச் சடங்குக்கு அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை யாராவது உறவினர் வைத்திருப்பார்கள். அதை வாங்கி வையுங்கள். தாயின் துயரத்தால் தானும் பாதிக்கப்பட்டதாக உங்கள் கணவரும் தனியே கோரலாம். சதவீதம் கேட்டு வரும் தரகர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள், படிவம் இலவசம். இந்தப் பணத்துக்கு "கைநீட்டுவது" மாமிக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது தருமமல்ல, பறித்த சம்பளம்.

ஓய்வூதியத்தில் ஒரு சந்தேகம்

நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். மாமிக்கு அரசு ஓய்வூதியம் வாரம் சுமார் 108 பவுண்டு என்கிறீர்கள். 40 வருடம் உழைத்தவருக்கு இது ஏன் இவ்வளவு குறைவு?

70களில் மணமான பெண்கள் குறைந்த நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டலாம் என்று ஒரு தெரிவு இருந்தது. 'ஸ்மால் ஸ்டாம்ப்' என்பார்கள். 1977 வரை புதிதாக அதில் சேரலாம். சேர்ந்தவர்கள் பிறகும் தொடரலாம். சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சும்; ஆனால் அந்த வருடங்கள் சொந்த ஓய்வூதியத்தில் சேராது. அப்படிக் கட்டியவர்களுக்குக் கணவரின் கணக்கை வைத்து, அடிப்படை ஓய்வூதியத்தில் 60 சதவீதம் கொடுத்தார்கள். 2025–26இல் அந்த மனைவி விகிதம் வாரம் 105.70 பவுண்டு. மாமியின் தொகை ஏறக்குறைய அதேதான்.

ஆனால் அவர் 2013 முதல் விதவை. கணவரின் கணக்கு முழுமையானது என்றால், விதவையானதும் அடிப்படை ஓய்வூதியம் முழுத்தொகைக்கு, 2025–26 கணக்கில் வாரம் 176.45 பவுண்டுக்கு, தானாக உயர்ந்திருக்க வேண்டும். கணவரின் மேலதிக ஓய்வூதியத்திலும் ஒரு பங்கு சேர வேண்டும். உயரவில்லை என்றே தோன்றுகிறது. இப்படி விடுபட்ட விதவைகள் ஏராளம். 2021இல் ஓய்வூதியத் துறையான டி.டபிள்யூ.பி. இந்தத் தவறுகளைத் தேடித் திருத்தத் தொடங்கியது. கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓய்வூதியச் சேவைக்கு மாமியையே பேச வைத்து, மாமாவின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் இறந்த தேதியும் கொடுத்து, "விதவையான நாளிலிருந்து என் தொகையை மறுபடி கணக்கிடுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு அதையே எழுத்திலும் அனுப்புங்கள். தவறு அவர்களுடையது என்றால் நிலுவை 2013 வரை பின்னோக்கி வரும்.

வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டும் கேளுங்கள். 2025–26இல் தனி ஆளுக்கு வாரம் 227.10 பவுண்டு வரை நிரப்பித் தந்தார்கள். குடியிருக்கும் சொந்த வீடு கணக்கில் வராது. ஆஸ்பத்திரி ஓய்வூதியம் மாதம் 190 என்றீர்கள். அதைச் சேர்த்தாலும் அவர் எல்லைக்குக் கீழேதான். மூன்று மாதம்தான் பின்தேதியிடுவார்கள், ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். ஓய்வூதியம் திருத்தப்பட்டபின் கிரெடிட் வாரம் சில பவுண்டாகக் குறையலாம். அப்போதும் விடாதீர்கள், கவுன்சில் வரிச் சலுகையும் இலவச டி.வி. லைசென்ஸும் அதோடு வருகின்றன.

குடியேறுவதா, போய்வருவதா

மகனின் யோசனை கெட்டதல்ல, ஆனால் அவசரம் கூடாது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஜமைக்காவில் வருடாவருடம் உயரும். இலங்கையிலோ இந்தியாவிலோ குடியேறினால் போன நாளின் தொகையிலேயே உறைந்துவிடும். நம்மவர் அனுபவத்தை வைத்து மாமிக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். பென்ஷன் கிரெடிட் மட்டும் வெளிநாட்டில் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் நிற்காது; நெருங்கிய உறவினர் இறந்தால் எட்டு வாரம் வரை நீளும். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் இங்கே என்.எச்.எஸ். இலவசச் சிகிச்சையும் போகும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 78 வயதுக்காரருக்கு இதுவே பெரிய கணக்கு. பிள்ளை பேரப்பிள்ளை, சபை எல்லாம் இங்கே. வீட்டை விற்காமல், நான்கு வாரத்துக்குள் போய்வரும் பயணத்தை முதலில் செய்து பார்க்கட்டும்.

ஊர் நிலம்

ஜமைக்கா சட்டத்துக்கு அங்குள்ள வழக்கறிஞர்தான் வேண்டும். அவரிடம் போகும்முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்ததால் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது; மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் சம உரிமை தந்திருக்கிறது. 'குடும்ப நிலம், யாரும் விற்க முடியாது' என்ற மாமியின் நம்பிக்கை ஊர் வழக்கம். நீதிமன்றம் அதை மட்டும் பார்க்காது. தனியார் நிலத்தை 12 வருடம் தடையின்றி ஒருவர் தனக்கென ஆண்டால் மற்றவர் உரிமை அற்றுப்போகலாம், கூட்டு உரிமையாளர்களுக்கிடையேயும் கூட. வெளிநாடு போன கூட்டு உரிமையாளர் இப்படி உரிமை இழந்த ஜமைக்கா வழக்கொன்றை 2003இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்திருக்கிறது.

ஆகவே வேலி எந்த வருடம் போடப்பட்டது, நில வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்ற இரண்டையும் இந்த வாரமே கேட்டறியுங்கள். நிலம் பதிவானதா என்பதை நேஷனல் லேண்ட் ஏஜென்சியில் பார்க்கலாம். பதிவாகியிருந்தால் விற்பனையைத் தடுக்க வழக்கறிஞர் ஒரு கேவியட் போடுவார். அண்ணன் மகனோடு வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். "அத்தைக்கும் இதில் பங்குண்டு" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு வரி கிடைத்தால் அது பெரிய பாதுகாப்பு; திட்டினால் அந்த வரி ஒருநாளும் கிடைக்காது.

வீடும் சபையும்

இங்கிலாந்தில் யாருக்கு வேண்டுமானாலும் சொத்தை எழுதிவைக்கலாம். வீடு பிள்ளைகளுக்குத்தான் சேர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொந்தக் காலில் நிற்கும் வளர்ந்த பிள்ளை 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போட்டாலும், ஜீவனத்துக்குத் தேவையானதைத் தாண்டிக் கிடைக்காது. மூத்த மகனிடம் இதை உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். மருமகள் வாயிலிருந்து வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

மாமி உயிரோடிருக்கும்போதே வீட்டைச் சபை பெயருக்கு மாற்றுவது மட்டும் கூடாது. ஆன்மிக வழிகாட்டிக்குக் கொடுக்கும் பெரிய கொடையில் மனதை வளைத்திருப்பார்கள் என்று நீதிமன்றம் முன்கூட்டியே சந்தேகிக்கும். நாளை போதகரும் கூண்டில் நிற்க நேரும். உயிலாக எழுதட்டும். சபையோடு தொடர்பில்லாத சொலிசிட்டரிடம், மகனும் போதகரும் அறைக்கு வெளியே இருக்க, தனியே பேசி எழுதட்டும். சபை பதிவுபெற்ற அறக்கட்டளைதானா என்று பார்த்து, அதன் பதிவு எண்ணை உயிலில் குறிப்பிட வேண்டும். பாதி வீடு, ஒரு பங்கு, குறிப்பிட்ட தொகை என்று நடுவழிகளும் உண்டு; அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காணிக்கையைப் பற்றிய உங்கள் குறையில் நான் தலையிடவில்லை, அது அவர் பணம். ஆனால் வாராவாரம் கொடுக்கும் காணிக்கை உறையில் 'கிஃப்ட் எய்ட்' (கொடுப்பவர் கட்டிய வரியைச் சபை அரசிடமிருந்து பெறும் ஏற்பாடு) கட்டத்தில் டிக் போடுகிறாரா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 12,570 பவுண்டுக்குக் கீழே இருப்பதால் அவர் வருமான வரி கட்டுவதில்லை. கட்டாத வரியைச் சபை அவர் பெயரில் திரும்பப் பெற்றால், அந்தத் தொகையை வரித்துறை அவரிடமே கேட்கலாம். சபைப் பொருளாளருக்கு இரண்டு வரியில் எழுதி அந்த அறிவிப்பை ரத்து செய்யச் சொல்லுங்கள். காணிக்கை வழக்கம்போலத் தொடரலாம்.